கயிறு திரிப்பவர்கள்

துலூத் நகர நூலகத்தில் லிஃப்ட் பழுது.
"வருந்துகிறோம்" என்ற தாளின் ஓரத்தில்
யாரோ பென்சிலால்
ஒரு ராக்கெட் வரைந்திருக்கிறார்கள்.

எங்கள் கூட்டம் மூன்றாம் மாடியில்.
விண்வெளிக்கு லிஃப்ட் வேண்டும் என்று
பதினாறு வருடமாய்ச் சொல்லிவரும் சங்கம்.
லாபம் நோக்காதது,
நோக்கினாலும் வராதது.
உறுப்பினர் முப்பத்தொரு பேர்.
இந்தப் பனியில் வந்தவர் ஏழு.

தலைவர் ஆர்விட் கின்னுனென்
சக்கர நாற்காலியில் இருந்தபடி
படிக்கட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.
ஒரு லட்சம் கிலோமீட்டர் உயரத்துக்குத்
திட்டம் வைத்திருப்பவர்.
"சரி, இங்கேயே" என்றார்.
மேலே போட்டிருந்த நாற்காலிகளை
நாங்கள் ஒவ்வொன்றாய்க் கீழே இறக்கினோம்.

வெர்லா கணக்கு வாசித்தாள்.
தபால்தலை, காபி,
பள்ளிப் பிள்ளைகளின் போட்டிக்கு ஹீலியம்.
கையிருப்பு நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.

அந்தப் போட்டி ஆகஸ்டில், ஏரிக்கரையில்.
பலூனிலிருந்து தொங்கிய நாடாவில்
பிள்ளைகள் செய்த பொறிகள் ஏறின.
ஒன்று பதினோரு மீட்டரில் நின்றுவிட்டது.
மேலேயும் போகாது, கீழேயும் வராது.
அதைச் செய்த பெண்
அழப்போகிறாள் என்று நினைத்தேன்.
தலையை நிமிர்த்தி,
"எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறது பாருங்கள்" என்றாள்.

நான் துறைமுகத்தில் கயிறு பார்ப்பவன்.
இரும்புத்தாது ஏற்றும் கிரேன்களின் எஃகுக் கயிறு.
பழைய துணியைச் சுற்றிப் பிடித்து
மெல்ல இழுத்துக்கொண்டே போவேன்.
துணி எங்கே சிக்குகிறதோ
அங்கே ஒரு கம்பி அறுந்திருக்கும்.
இருபத்திரண்டு வருடத்தில் தெரிந்துகொண்டது:
சுமையை மட்டும் சுமப்பதில்லை கயிறு,
தன்னையும் சுமக்கிறது.
நீளமாக நீளமாகத்
தன் பாரமே தனக்கு எமன்.

எஃகு போதாது. அது எங்களுக்கும் தெரியும்.
போதுமானதை இன்னும்
எவரும் விரல்நீளத்துக்கு மேல் நெய்ததில்லை
என்று போன மாதம் ஆர்விட்டே எழுதினார்,
எங்கள் செய்திமடலில், முதல் பக்கத்தில்.
மணலைக் கயிறாய்த் திரிக்கிறோம் என்று
சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.
மணல் இல்லை, கரி.
அவ்வளவுதான் திருத்தம்.

நான்காம் தீர்மானத்தின்போது
பழுது பார்ப்பவன் வந்தான்.
கதவைத் திறந்தான்.
இருட்டுக் குழிக்குள்
கிரீஸ் பூசிய நாலு கயிறு.
பேச்சை நிறுத்தி எழுந்து போய்
ஏழு பேரும் எட்டிப் பார்த்தோம்,
தொட்டிலைப் பார்ப்பதுபோல.

"என்ன கூட்டம் இது?"
துண்டுத்தாளைக் கொடுத்தோம்.
திருப்புளியைப் பல்லில் கடித்தபடி
கடைசி வரி வரை படித்தான்.
"நடுவழியில் நின்றுவிட்டால்
யாரைக் கூப்பிடுவீர்கள்?"

ஒருவரும் பேசவில்லை.
வெர்லா மட்டும்
கேள்வியை அப்படியே குறிப்பேட்டில் எழுதி
அவன் பெயரையும் கேட்டுக்கொண்டாள்.
ஜனவரிக் கூட்டத்தின் முதல் பொருள் அது.

நாற்காலிகளை மடக்கும்போது
விளக்கு எரிந்தது, லிஃப்ட் வந்து நின்றது.
மேலே இனி வேலை ஒன்றுமில்லை.
ஆர்விட் உள்ளே உருண்டு போய்
மூன்றை அழுத்தினார்.