இன்னொன்று

மஸ்கெலியா ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்பி
பதினோரு மாசம்.
கொழுந்து பறித்த வலது கை
போர்வைக்கு வெளியே கிடக்கிறது,
யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் மாதிரி.

ராத்திரி கதவைச் சாத்திவிட்டு ஃபெக்டரி.
பகலில் பவளம்:
புரட்ட, துடைக்க, கஞ்சி ஊட்ட, மறுபடி புரட்ட.
வாட்டத் தட்டருகே தூங்கி விழுந்ததற்கு
இரண்டு தரம் அரைப்பேர் போட்டார்கள்.

ரோதமுனிக்குச் சூடம் கொளுத்துவதைத்
தையோடு விட்டுவிட்டேன்.
"ஒன் ரோதை சுத்துது. அவ காலு?"
மிசின் இரைச்சலில் கத்தியே கேட்டேன்.
ஒருத்தருக்கும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு
மேல் லயத்துச் சலோமி வருவாள்.
கூட இரண்டு பேர், ஒரு பைபிள், மூன்று ஈரக் குடை.
நாங்கள் அந்தச் சபை இல்லை.
வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை.

அவர்கள் பவளத்தின் நெற்றியில் கை வைத்ததும்
நான் சுவரில் சாய்வேன்.
கர்த்தாவே என்பது கேட்கும்,
பிறகு ஆமென்.
நடுவில் என்ன கேட்டார்களோ, இன்றுவரை தெரியாது.
வேறு கண்கள் அவள்மேல் இருக்க
நான் தூங்கியது
அந்த அரை மணி நேரம்தான்.

நேற்று ஃபெக்டரிச் சங்கு ஊதித்தான் முழித்தேன்.
வெளியே இருட்டு. குடைகள் காய்ந்திருந்தன.
சலோமிக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"அக்காதான் விடல.
ஆமென் சொல்றப்பல்லாம்
எடது கையால முந்தானையப் புடிச்சு
இன்னொண்ணு, இன்னொண்ணுங்குது."

பவளம்
கோணின வாயோடு
கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
ஒன்றும் அறியாதவள் போல.