நான்கு ஆண்டு, ஏழு மாதம்

ஊபியில் மூன்றாம் மாடி.
மூக்கை வெளியே நீட்டியபடி வண்டிகள்.
கண்ணாடியில் வெள்ளை மையால் விலை.
அதன் கீழே, விலையைவிடப் பெரிதாக,
சாகும் தேதி.

இந்த ஊரில் வண்டிக்கும் ஜாதகம் உண்டு.
ஆயுள் கட்டம் மட்டும் எழுதிய ஜாதகம்.
பத்து வருடம்.
சிஓஇ முடிந்துவிட்டால்
எஞ்சின் பூனைபோல் முனகிக்கொண்டிருந்தாலும்
நசுக்கக் கொடுத்துவிட வேண்டும்,
இல்லையென்றால் இன்னொரு வண்டியின் விலையைக் கொட்டி
மூச்சை நீட்டிக்க வேண்டும்.

இதற்கு மிச்சம் நான்கு ஆண்டு, ஏழு மாதம்.
அறுபத்தெட்டாயிரத்து எண்ணூறு வெள்ளி.
கட்டடங்களுக்குச் செலவுக் கணக்குப் போடுவது என் வேலை.
வகுக்காமல் இருக்க வராது எனக்கு.
நாளுக்கு நாற்பத்தொரு வெள்ளி,
ஓடினாலும்,
மழையில் சும்மா நின்றாலும்.

இளம்பரிதி டயரை உதைத்தான்.
எதற்கென்று அவனுக்கும் தெரியாது,
வீடியோவில் எல்லாரும் உதைக்கிறார்கள்.
பூங்கோதை அண்ணி, முழங்காலுக்குள் எஃகு,
கதவுக்கு மேலுள்ள பிடியைப் பற்றி
ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி ஏறிப் பார்த்தாள்.
இறங்க நான்கு எண்ணினாள்.
இரட்டையர் இருவரும் ஹாரனுக்குச் சண்டை போட்டார்கள்.

"ஆறு பேர்தானே, ஏழாவது யாருக்கு?"
விற்பனையாளர் கோ கண்ணடித்தார்.
"ஜொகூர்ச் சாமானுக்கு" என்றேன்.

கடைசி வரிசை தனக்குத்தான் என்று
வரும்போது பேருந்திலேயே தீர்மானித்திருந்தான்
பதின்மூன்று வயது அறவாழி.
உள்ளே நுழைந்து உட்கார்ந்ததும்
முழங்கால் இரண்டும் மோவாயைத் தொட்டன.
இந்த வண்டியின் கெடு முடியும்போது
இவனுக்குப் பதினேழரை.
அடுத்தது ராணுவம், மொட்டைத் தலை.
இதையும் நான் வகுத்திருக்க வேண்டாம்.

"அம்மா, இங்கே பாருங்க."

ஜன்னலுக்குக் கீழே, பெல்ட் மறைக்கும் இடத்தில்,
சின்னக் கை எட்டும் உயரத்தில்
வட்ட வட்டமாய் ஸ்டிக்கர்கள்.
பச்சை, ஊதா, மஞ்சள், மறுபடி பச்சை.
ஒன்றன்மேல் ஒன்றாய், மீன் செதில்போல.
மருத்துவமனையில் பார்வையாளர் சட்டையில் ஒட்டுவது.
எல்லாவற்றிலும் ஒரே வார்டு எண்.
கடைசியாக ஒட்டியதில் மட்டும் வேறு.

கோ ஓடிவந்து கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார்.
நிறம் போனது, பசை போகவில்லை.
"ஏன் விற்றார்கள்?" என்று கேட்டேன்.
"குடும்பம் சின்னதாகிவிட்டது, லா.
பெரிய வண்டி எதற்கு?"
சொல்லிவிட்டு ஏசியைக் கூட்டிவைத்தார்.

என் கணவன் நல்லவன்.
அழும் சினிமாவில் எனக்கு முன்னால் அழுபவன்.
அவன்தான் கேட்டான்:
"கறை இருக்கிறதே, ஐந்நூறு குறையுங்கள்."
கோ நூறு என்றார்.
முந்நூறில் கை குலுக்கினார்கள்.
நான் பேனாவைத் தேடுவதுபோல்
பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.
பேனா கையில்தான் இருந்தது.

முந்நூறை நாற்பத்தொன்றால் வகுத்தால்
ஏழு நாளும் கொஞ்சமும்.

புக்கிட் பாஞ்சாங், எங்கள் புளோக்,
கார் நிறுத்தத்தின் நான்காம் தளம்.
தூணை உரசாமல் நுழைக்க மூன்று முறை முன்பின்.
அண்ணி எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தாள்.
நான்கு பழம், நான்கு சக்கரம்,
நசுங்கிய வாசனை தளமெங்கும்.

மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் பசை போய்விடுமாம்.
துணியோடு இளம்பரிதி பின்னால் போனபோது
அறவாழி இறங்கவில்லை.
சாய்ந்து, தோளால் அந்த இடத்தை மறைத்து,
போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம் துடைக்கலாம்ப்பா" என்றான்.
"இங்கே காற்றே வரவில்லை.
அதை முதலில் பாருங்கள்."