இரண்டு பொத்தான்கள்

குன்னூரில் மஃப்ளர் இல்லாத கழுத்து
காலை ஒன்பது முதல் ஆறு வரை
என்னுடையது மட்டும்தான்.
தொங்குகிற எதுவும் கத்திப் பக்கம் வரக்கூடாது.
கழற்றி ஆணியில் மாட்டிவிடுவேன்.
ஷட்டருக்கு அடியில் நுழைகிற பனி
நேரே வந்து பிடரியில் உட்காரும்.

எந்திரத்துக்குப் பெயர் கில்லட்டின்.
பதினாறு வருஷம் அதை
ஏதோ ஜெர்மன் கம்பெனி என்று நினைத்திருந்தேன்.

ஐப்பசியில் ரேவதி போஜன் வந்தார்,
ஊட்டி காலேஜில் சரித்திரம் எடுப்பவர்.
தொண்ணூற்றாறு பக்கம், நானூறு பிரதி.
நான் வாசிக்கிற ஆள் இல்லை.
ஆனால் வெட்டுமுன் ஓரம் பார்க்கவேண்டும்,
பார்த்தால் கண்ணில் எழுத்து விழத்தான் செய்யும்.

டாக்டர் ஒருவர் சபையில் எழுந்தாராம்:
பிரபுவுக்கு வாள், ஏழைக்குக் கயிறு, அது எதற்கு?
எல்லாருக்கும் ஒரே எந்திரம்.
வலிக்காது.
கழுத்தில் ஒரு குளிர்ச்சி, அவ்வளவுதான்.

என் கை தானாகப் பிடரிக்குப் போனது.

சட்டம் அடித்துக் கொடுத்தவன்
வாத்தியக்கருவி செய்கிறவன்.
முதலில் ஆடு. அப்புறம் ஆஸ்பத்திரிப் பிணங்கள்.
அப்புறம் ஒரு வழிப்பறிக்காரன்.
வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்
இமைப்பதற்குள் முடிந்துபோச்சே என்று முனகியதாம்,
பழைய தூக்குமரமே தேவலை என்று.
கத்தியைச் சாய்வாக வைத்தார்கள்.
அது எனக்குப் புரிந்தது.
என்னுடையதும் சாய்ந்துதான் இறங்கும்,
நேராக இறங்கினால் காகிதம் நசுங்கும்.
டாக்டர் வீட்டார் மனுப் போட்டார்கள்,
எந்திரத்தின் பெயரை மாற்றுங்கள் என்று.
மாறவில்லை.
நம்மூர்க் கயிற்றுக்கு
அறுபத்திரண்டாம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு.

என் வலது ஆள்காட்டி விரல்
பாதிதான் இருக்கிறது.
பழைய மெஷினுக்கு ஒரே நெம்புகோல்,
ஒரு கை இழுக்கும்போது
மறு கை எங்கேயும் இருக்கலாம்.
புதுசில் இரண்டு பொத்தான்,
ஒரு முழ இடைவெளி, சேர்ந்தாற்போல் அழுத்தணும்.
கைகளைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு.
அந்த ஊரில் கத்தியை விடுவித்தவனுக்கு
வேறு மாதிரிக் காப்பு:
இறங்கியது எடை, அறுத்தது சாய்வு,
அவன் கை சும்மா பக்கத்தில் இருந்தது.

புதன்கிழமை நாள் முழுக்க மேகம்
பிரஸ்ஸுக்குள்ளேயே இருந்தது.
காகிதக் கட்டுக்குக் கீழே பல்பு எரித்தும்
ஈரம் போகவில்லை, ஊதியிருந்தது.
தலை வெட்டினேன், பக்கவாட்டு வெட்டினேன்.
அடி வெட்டும்போது கட்டு ஒரு நூல் நகர்ந்தது.
நாற்பது பிரதி.
கீழே விழுந்த சீவலைப் புரட்டினேன்.
கடைசிப் பக்கத்துக் கடைசி வரி:
'1981-இல் அந்த நாடு
மரண தண்டனையைக் கைவிட்டது.'

முதலாளி தேவசகாயம் எட்டிப் பார்த்தார்.
'ஈரக் காகிதம், மெஷின் இழுத்திடுச்சுன்னு சொல்லிடு பெலவேந்திரா.
பொய்யா என்ன?'

பொய்யில்லைதான்.

சாயங்காலம் அந்தம்மா குடையை மடக்கி உள்ளே வந்து
மேலே இருந்த பிரதியை எடுத்துக்
கடைசிப் பக்கம் திருப்பினார்.
'இது எப்படி?'
என் இரண்டு கைகளும்
மேஜைமேல் இருந்தன.
'நான் வெட்டிட்டேன்' என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கழிவுச் சாக்கில் கைவிட்டு
ஒரு சீவலை உருவி வாசித்தார்.
பிறகு இன்னொன்றை.
எல்லாவற்றிலும் அதே வரிதான் என்று
தெரிந்தும் ஏனோ
எடுத்துக்கொண்டே இருந்தார்.

மஃப்ளர் ஆணியில் தொங்கியது.
ஏழு மணியாகியும்
போய் எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.