பாதையில் இல்லாத நிறுத்தம்

அதிகாலை நாலே முக்கால்.
ஈசூன் பணிமனையில்
பேருந்துக்கு உயிர் கொடுத்து
இருக்கைவாரை இழுக்கிறேன்.
வலது தோளில் கிளம்பி
இடது இடுப்பில் போய்ச் சேரும் கறுப்புப் பட்டை.
பதினோரு வருடம் ஒழுங்காகத்தான் போனது.
ஏப்ரலிலிருந்து
பாதையில் இல்லாத ஒரு நிறுத்தத்தில்
நிற்கிறது.

முன்பு இந்த வலிக்கு அட்டவணை இருந்தது.
தீட்டுக்கு இரண்டு நாள் முன்னால் வரும்,
சொன்ன நேரத்துக்குப் போய்விடும்.
இப்போது எழுபது நாள் ஆளைக் காணோம்;
வந்தால் மழைநாள் பேருந்துபோல
ஒன்றன்பின் ஒன்றாக மூன்று.

காத்திப் பக்கம் வேகத்தடை.
பல்லைக் கடித்து மெல்ல ஏற்றுகிறேன்.
பின்னால் சீருடைப் பிள்ளைகள்
தூக்கம் கலையாமல் சாய்ந்து நிமிர்கிறார்கள்.
என் சீருடையின் இரண்டாவது பொத்தான் மட்டும்
விழித்துக்கொண்டு விறைத்து நிற்கிறது.

ஒரு ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன்:
"நெஞ்சு வலிக்குது."
கைப்பேசியை எடுத்துவிட்டார். ஒன்பது, ஒன்பது,
ஐந்தை அழுத்துமுன் கையைப் பிடித்தேன்.
"நெஞ்சு இல்லங்க."
"பிறகு?"
இருபத்து மூன்று வருடக் கல்யாணம்.
அந்த ஒரு சொல் இரண்டு பேர் வாயிலும் இல்லை.
காற்றாடியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம்.

ஹஸ்லிண்டாதான், பணிமனைக் காப்பிக் கடையில்,
தே தாரிக்கை ஆற்றியபடி
மலாயில் சாதாரணமாகக் கேட்டாள்:
"உனக்கும் ஆரம்பிச்சிருச்சா?
எனக்குப் போன வருஷம் கல்லு மாதிரி இருந்துச்சு.
நீயா முடிவு கட்டாதே. போய்க் காட்டு."

பலதுறை மருந்தகம். வரிசை எண் நூற்று நாற்பத்தொன்று.
பிறகு வேறொரு நாள், குளிர் அறை,
பேருந்துக் கதவுபோல் மூடிய இரண்டு தகடுகள்.
"மூச்சு விடாதீங்க."
விடவில்லை.
தகடு விலகியபோது
கதவு திறக்கும் அந்தப் பெருமூச்சு
என்னிடமிருந்துதான் வந்தது.

நீர் கோத்த சிறு பை, பயமில்லை என்றார் டாக்டர்.
ஹார்மோன் ஏறி ஏறி இறங்குகிறதாம்.
ஏறுவதும் இறங்குவதும்
எனக்குத் தெரியாததா?
புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால்
காத்திருக்காமல் வரவேண்டும் என்றார்.
தலையாட்டினேன். அப்புறம் வாசலில் நின்று
கொஞ்சம் அழுதேன், எதற்கென்று தெரியாமல்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஒரு பொட்டலம்.
இருக்கைவாருக்குப் போடும் பஞ்சு உறை.
முயல் படம். குழந்தைகளுக்கானது.
அவர் குளியலறையில்
வேண்டுமென்றே சத்தமாகத்
தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்.

இன்று மேற்பார்வையாளர் லிம் பார்த்தார்.
முயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"நல்லா இருக்கே" என்றார்.
கதவை மூடிக் கிளம்பினேன்.