எடை சரிதான்

ஒன்பதாம் நம்பர் ஷூ பெட்டியில் வந்து இறங்கியது.
மூடியில் பென்சிலால் குத்திய ஏழு ஓட்டைகள்.
பெங்களூரில் கார் ஓட்டும் தம்பி சொன்னான்:
முதலாளி கனடா போய்விட்டாராம்,
சோபாவை வாட்ச்மேனுக்கும்
இதை இவனுக்கும் கொடுத்துவிட்டு.
"மால்டீஸ்க்கா. ஏதோ கொஞ்சம்தான் சாப்பிடும்."
அந்தக் கொஞ்சம் எது என்று சொல்லாமலே
ஆம்பூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

பேரணாம்பட்டில் பதினோரு வருஷமாக
நாய்களுக்குத் தீனி கட்டுகிறவள் நான்.
தோலின் மேல்பக்கம் செருப்புக்குப் போகும்,
அடிப்பக்கம் எங்களுக்கு வரும்.
ஊறவைத்து, முறுக்கி, முடிச்சிட்டு,
எலும்பு மாதிரி காயவைத்துக்
கப்பலேற்றுவோம்.
எந்த நாயும் அதைக் கடித்து நான் பார்த்ததில்லை.

முதல் ராத்திரி, கழித்துப்போட்ட ஒன்றை
முந்தானையில் முடிந்து வந்து வைத்தேன்.
அதன் தலையைவிடப் பெரிது அந்த எலும்பு.
மோந்து பார்த்துவிட்டு
அதற்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது,
சுவர் என்று நினைத்திருக்கும்.

தெருவே வந்து யோசனை சொன்னது.
பாலில் பன் என்றாள் பிலோமினா.
சுவரொட்டி வாங்கி வதக்கு, வெங்காயம் தாராளமாய்.
பிரியாணியில் மிஞ்சும் எலும்பு போதாதா,
எங்கள் மணி அதைத் தின்றே பதினாலு வருஷம் இருந்தான்.
மணி இருபத்தைந்து கிலோ.
அமீதா மட்டும் வாசலோடு நின்று பார்த்து
"குறைமாசத்துல பொறந்தது மாதிரி இருக்கே" என்றாள்.

மூன்றாம் நாள் விடியலில் கால்கள் பின்னின.
கண் திறந்திருந்தது, பார்க்கவில்லை.
ஷிஃப்ட்டை விட்டுவிட்டு வேலூர் பஸ்.
குடியாத்தத்தில் ஏறிய ஒருவர்
மடியிலிருந்த பெட்டியைக் காட்டிக் கேட்டார்:
சாம்பிளாம்மா?

டாக்டரம்மா ஈறில் குளுக்கோஸ் தடவினார்.
கால்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.
"பசிதான். வயிறு சுண்டைக்காய், உள்ளே எரியுறது உலை.
ஒரு வேளை தவறினா சர்க்கரை இறங்கிடும்."
சீட்டில் எழுதப் பெயர் கேட்டார்.
வைக்கவேயில்லை. கல்கண்டு என்று வாயில் வந்தது.

நாலு வேளை, வேளைக்கு ஒரு பிடிக்கும் குறைவாக.
தோல் நீக்கிய கோழி நெஞ்சு, குழைந்த சோறு, கேரட்.
உப்பு வேண்டாம். வெங்காயம், பூண்டு வேண்டாம்.
திராட்சை ஒன்றே ஒன்று என்றாலும் வேண்டாம்.
கூடவே, குட்டி வாய்க்கென்று செய்த தீவனம்.
எங்கள் கம்பெனி எலும்பைப் பற்றிக் கேட்டேன்.
பேனா நின்றது.
"அது தொண்டையில நிக்கும்மா."

காட்பாடி ரோட்டுக் கடையில் எல்லாப் பையிலும்
ஒரு நாய் சிரித்துக்கொண்டிருந்தது.
திருப்பினேன். பை ஒட்டுகிறவளுக்குத் தெரியும்
விஷயம் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் என்று.
மூன்று பைகளில் முதல் பெயர் சோளம்.
நாலாவதில் கோழி;
அரைக் கிலோ, என் ஒன்றரை நாள் கூலி.
ஒரு மணியை எடுத்துக் காட்டச் சொன்னேன்.
மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. சரி.

மத்தியான வேளை அமீதாவுடையது.
தொடமாட்டாள். நீளக் கரண்டியால் வைப்பாள்.
நோன்பு மாசத்திலும்
பன்னிரண்டரை தவறவில்லை.
அதற்கு நாலு வேளை,
எனக்கு இரண்டு வேளையும் ஒரு டீயும்.
இதில் எனக்குக் கோபமா என்று
இன்னும் தெரியவில்லை.

நேற்று பெல்ட்டில்
'சிறிய நாய்களுக்கு' பைகள் வந்தன.
ஒன்றில் முடிச்சு என் கட்டைவிரல் தடிமன்.
எடுத்துத் தனியே வைத்தேன்.
பிறகு இன்னொன்றை. பிறகு ஏழெட்டு.
சூப்பர்வைசர் பரந்தாமன் தராசைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
எடை சரியாத்தானே இருக்கு?

எடை சரிதான் சார்,
வாய்தான் சின்னது என்றேன்.