தலைக்கணக்கு

மாதத்தின் முதல் புதன், நண்பகல்,
சைரன் ஒருமுறை கத்திப் பார்க்கும்.
கான்சஸில் அதற்கு யாரும் தலை நிமிர்வதில்லை.
சாண்ட்விச் மெல்லும் வாய் மென்றபடியே இருக்கும்.

அன்று வியாழன். மணி நான்கு பத்து.

வேதியியல் கட்டடத்தின் ஆரஞ்சு மேலங்கி
என் பொறுப்பில் இருந்தது. கேட்டு வாங்கியதல்ல.
கூட்டத்துக்கு நான் போகாத நாளில்
என் பெயரை எழுதிவிட்டார்கள்.
இரண்டு வருடம் குடுவை அலமாரிக்குப் பின்னால்
கடையில் மடித்த மடிப்புக் கலையாமல் கிடந்தது.

ஜன்னலில் வானம் பச்சை.
புல்லின் பச்சை இல்லை;
அடிபட்ட தோலில் நாலாம் நாள் ஏறுமே, அது.
காற்று நின்றுபோயிருந்தது.
நாள் முழுக்கக் கொடிக்கம்பத்தைத் தட்டிக்கொண்டிருந்த கயிறு
தட்டுவதை நிறுத்தியதும்தான்
அது தட்டிக்கொண்டிருந்ததே காதில் விழுந்தது.

பர்னரை அணை. வாயுக் குழாயை மூடு.
பையை விடு கூப்பர், பையை விடு.
ஆய்வேடு அதில்தான் இருக்கிறது என்றான்.
நீ இருந்தால் இன்னொன்று எழுதலாம் என்றேன்.
லிஃப்ட் வேண்டாம், படி, படி.

படியின் தலைப்பில் ஜோலீன், சக்கர நாற்காலியில்.
ஆகஸ்டில், வகுப்பு தொடங்கிய வாரம்,
என் மேசைக்கு வந்து கேட்டிருந்தாள்:
அப்படி ஒரு நாள் வந்தால்
நான் எப்படிக் கீழே போவது?
வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.
சிரித்துக்கொண்டே சொன்னேன்.

வந்துவிட்டது. நான் விழித்தேன்.
அவள் விழிக்கவில்லை.
நாலு பேர் வாருங்கள். சக்கரத்தைப் பிடிக்காதே,
கழன்று வரும், சட்டத்தைப் பிடி.
முதுகு கீழ்ப்பக்கம், முகம் மேல்பக்கம்.
ஒவ்வொரு படியாக, நான் எண்ணுகிறேன்.
இருபத்திரண்டு படி அவள் எண்ணி இறங்கினாள்.
அந்தக் கட்டடத்தில்
படி எத்தனை என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அடித்தளத் தாழ்வாரம், ஜன்னல் இல்லாத சுவர்.
சுவரைப் பார்த்து மண்டியிட்டு
பிடரியில் கை கோத்த வரிசை.
ஆலங்கட்டி மேலே பாத்திரக்கடையைக் கவிழ்த்தது.
என் கையில் பட்டியல். பட்டியலில் முப்பத்தெட்டு.
எண்ணினேன், முப்பத்தெட்டு.
மறுபடி எண்ணினேன், முப்பத்தெட்டு.
இரும்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளில் கை வைத்தேன்,
கணக்குச் சரியாக வந்த நிம்மதியோடு.

தாழ் விழுவதற்குள் கதவை யாரோ தோளால் தள்ளினார்கள்.
டெல்பர்ட். துடைப்பம் இன்னும் கையில்,
நெற்றியில் கண்ணாடித் துகள்.
மேலே ஒருத்தரும் இல்லை, என்றார் மூச்சு வாங்க.
மூன்று மாடி, எல்லாக் கழிப்பறையும் தட்டிப் பார்த்துவிட்டேன்.

பட்டியலை இன்னொரு தடவை மேலிருந்து கீழ்வரை படித்தேன்.
மாணவர்கள். பேராசிரியர்கள். நான்.
பதினேழு வருடமாக அந்தத் தரையைத் துடைப்பவர்
தாளில் எங்கேயும் இல்லை.
அவர் வராமல் போயிருந்தாலும்
என் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு காது அடைத்தது.
பிறகு சரக்கு ரயில் என்பார்களே, அப்படி இல்லை.
ரயிலென்றால் தண்டவாளம் உண்டு,
போகும் திசை உண்டு.

பதினோரு நிமிடம்.

மேலே வந்தபோது பசுமைக்குடில் இல்லை.
தக்காளி நாற்றுகள் நூலகப் படிக்கட்டில்,
தொட்டியோடு, நிமிர்ந்து, யாரோ அடுக்கி வைத்தாற்போல.
கூப்பரின் பை இருந்த இடத்திலேயே இருந்தது.
அவன் அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றான்.
பென்சிலால் தாளின் அடியில் எழுதினேன்:
டெல்பர்ட் கிரிக்ஸ். முப்பத்தொன்பது.
கை நடுங்கி எழுத்து கோணிக்கொண்டது.
அழித்து எழுதவில்லை.

அடுத்த மாதம், முதல் புதன், நண்பகல்.
சைரன்.
சாண்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டு
படியின் தலைப்புக்குப் போனோம், நாலு பேர்.
ஜோலீன் எண்ணினாள். டெல்பர்ட் கடிகாரம் பார்த்தார்.
இரண்டு நிமிடம் நாற்பது நொடி.

மெதுவாகத்தான் போகிறீர்கள், என்றாள்.
மறுபடி மேலே தூக்குங்கள்.