மூன்று மணி நீர்

பம்பி நிலையத்துப் பதிவேட்டில்
என் கையெழுத்துத்தான் கூட.
இரவு மூன்று மணிக்குக்
கிளிநொச்சி முழுக்கத் தூக்கம்.
ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை பிறந்திருக்கலாம்,
பேக்கரிக்காரன் மாக்கையைக் கழுவியிருக்கலாம்,
வேறு ஆர் தண்ணி விடப்போகினம்?
கோடையில் அந்த மணிக்கு நான் எழுதுவது
செக்கனுக்கு நாலு லீற்றர்.
கார்த்திகையில் எழுதினேன்:
முப்பத்தொன்று.

இடையில் ஓடிய நீர்
ஆருடையது?

இந்தக் குழாய் சின்னது.
வீடுகள் தருவதை மட்டும் வாங்கிக்கொண்டு
சரிவு பிசகாமல் போகட்டும் என்று
அளந்து தாட்டது.
மழைக்கென்று வேறு வழி கிடக்கிறது,
பீலி, கான், மதகு, பிறகு குளம்.
வானத்து நீரில் ஒரு குறையும் இல்லை.
எங்கள் குழாய்க்குள் கால் வைத்த கணத்தில்
அதுவும் மலம்தான்,
அதையும் சேர்த்து நான் இறைக்க வேண்டும்.
இறைத்து முடியாத அன்று
சந்தைக்குப் பின்னால் ஒழுங்கையில் மூடி எழும்பும்.
நவரத்தினத்தின் குசினிக்குள்
ஊரின் வயிறு திரும்பி வரும்.

போன மாரியில் வந்தது.
அவருடைய மனிசி
சோறு வடித்த பானையை அப்படியே தூக்கிக்கொண்டு
றோட்டில் வந்து நின்றா.
என்னை ஒன்றும் கேட்கவில்லை.

பங்குனியில் புகை விட்டோம்.
நிலம் காய்ந்து வெடித்திருந்தால்தான் ஏறும்.
முதல்நாள் வீடுவீடாய்த் துண்டு கொடுத்தோம்:
நாளைக்குப் புகை வரும். பயப்பட வேண்டாம்.
இந்த ஊரில் அந்த இரண்டு வசனத்தையும்
அடுத்தடுத்து எழுதக் கை கூசியது.
இரண்டாவதைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன்;
பிறகு சின்னதாக்கச் சொன்னேன்.

செல்வச்சந்திரன் மூடியைத் திறந்து
விசிறியை வைத்து அமுக்கினான்.
நிலம் எங்கெங்கே வாய் திறந்திருந்ததோ
அங்கெல்லாம் வெள்ளையாய் எழும்பியது,
அரிசிக்கடைப் பீலியால்,
வேம்பின் வேர் பிளந்த பொருத்தால்,
சலூன் முற்றத்தில்
வெள்ளம் வடிய என்று ஆரோ துளைத்த ஓட்டையால்.
எங்கள் கந்தோரின் கூரையிலிருந்தும்.
செல்வச்சந்திரன் சிரித்தான்.
நான் எழுதினேன். கந்தோர்: ஒன்று.

அரிசிக்கடை முதலாளி வாதாடினார்:
"மழைத்தண்ணி சுத்தம்தானே, தங்கச்சி,
குழாயைக் கழுவியெல்லோ விடும்."
கழுவும், ஐயா.
கழுவிக் கொண்டுபோய்
நவரத்தினத்தின் அடுப்படியில் வைக்கும்.

கடைசிப் புகை
வீடில்லாத காணியில் எழும்பியது.
நாயுருவிப் பற்றைக்கு நடுவில்
காற்றில்லாத காலையில்
நிமிர்ந்த ஒரு நூல்.
வரைபடத்தில் எண்பத்தேழு.
உரிமையாளர்: தொடர்பில்லை.

குழாய் தாட்ட ஆண்டில்
வருவினம் என்று இவர்களுக்கும்
ஒரு கிளை வைத்திருக்கிறார்கள்,
வாயைச் சாக்கால் அடைத்து.
சாக்கு உக்கிவிட்டது.
கிணறுகள் கையெட்டும் தூரத்துக்கு நிறைகிற மாதங்களில்
அந்தக் காணி முழுவதும்
மெல்ல மெல்லக் குழாய்க்குள் இறங்கியிருக்கிறது.
ஆரும் குளிக்காத வீடு
தெருவிலேயே கூடத் தண்ணி விட்டிருக்கிறது.

"கொங்கிறீட் போட்டு மூடவா, மிஸ்?"
அதுதான் வழக்கம். மலிவும்.
நான் திருகுமூடி எடுத்துவரச் சொன்னேன்,
றப்பர் வளையத்தோடு.
நூற்றெண்பது ரூபா கூட.
கணக்குப் பகுதி காரணம் கேட்டது.
"திறக்கக்கூடியது" என்று எழுதினேன்.
அந்தக் கட்டத்தில் அதற்குமேல் இடமில்லை.

இப்போது ஐப்பசி.
பின்னேரம் பிடித்த மழை விடவில்லை.
மூன்று மணி. முள்ளைப் பார்க்கிறேன்.
ஒன்பது.

நாலு இல்லை.
மிச்ச ஐந்தும் எதனூடே வருகிறதோ,
கிழக்குப் பக்கம் இன்னும் புகை விடவில்லை.
எழுதிக் கையெழுத்து வைக்கிறேன்.
வெளியே கானில் மழை
தன் பாட்டில் போகிறது,
ஒருவரையும் எழுப்பாமல்.